கேரளா வழியாகப் போகிறவர்களுக்கு

எங்கள் தென்காசியிலிருந்து மதுரைக்குப் போவதைவிடக் கொல்லத்துக்குப் போவது பக்கம். சின்ன வயதில் எனக்கு வெளியூர் என்றாலே கொட்டாரக்கரைதான், ஏனென்றால் அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. முழுப் பரீட்சை லீவு விட்ட மறுநாள் மீட்டர்கேஜ் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வேலை விஷயமாக எர்ணாகுளம், அண்ணன் மும்பையில் இருந்த வருஷங்களில் கேரளாவைத் தெற்கிலிருந்து வடக்கு வரை முழுசாகக் கடந்து கொங்கண் பாதை, அம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு கோட்டக்கல் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை.

தெரிந்தவர்கள் கேரளாவுக்குப் போகிறேன் என்று யோசனை கேட்டால், பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு திட்டத்தோடுதான் வருவார்கள்: கார் வைத்துக்கொண்டு மூணாறு ஒரு நாள், ஆலப்புழையில் படகு வீடு ஒரு ராத்திரி, கொச்சியில் ஒரு மத்தியானம், திரும்பி வந்துவிடுவது. போகட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது இடங்களைப் பார்த்ததால் இல்லை, இடங்களுக்கு நடுவில் போனதால்தான். பகல் ரயில், சாதா பஸ், சர்க்கார் படகு என்று மெதுவாகப் போனால் கேரளா தானாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்படிப் போவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வாசல் வழியாக நுழைவது

நடுவில் மலை நிற்கிறது. சாலை வழி என்றால் களியக்காவிளை, புளியரை, குமுளி, போடிமெட்டு, வாளையாறு என்று நிறைய உண்டு. ரயிலுக்கு மூன்றே வாசல்: நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், செங்கோட்டை வழியாகப் புனலூர், கோவை அல்லது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு. பாலக்காட்டுக் கணவாய் அகலமானது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அதனால் ரயில் மலையைத் தாண்டுகிறது என்கிற உணர்வே வராது. வாளையாறு பக்கம் காட்டுக்குள் போகும்போது யானைக்காக வேகத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். நாகர்கோவில் வழியில் வாழையும் குளமும் தென்னையும் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்று தெரியாது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது செங்கோட்டை வழி. எங்கள் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மண், காற்று, வீட்டுக் கூரை, ஸ்டேஷன் பலகையின் எழுத்து எல்லாம் மாறுவதைக் கண்ணால் பார்க்க முடிவது இந்த வழியில்தான். 1904 இல் போட்ட பாதை இது. 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜை நிறுத்திவிட்டு, அகலப்பாதை முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷம் எங்கள் ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த மலையை ரயிலில் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

செங்கோட்டையில் பின்னால் இன்னொரு இஞ்சின் மாட்டுவார்கள், ஏற்றத்தில் தள்ளுவதற்கு. அந்த நேரத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுங்கள். பகவதிபுரம் வரை வயல், பனை, வெயில். அப்புறம் நீளமான குகை வரும். குகை என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது, யாரும் சுரங்கப்பாதை என்று சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே போகும்போது பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தும், நாங்களும் கத்தியிருக்கிறோம். இருட்டில் முகத்தில் அடிக்கிற காற்று திடீரென்று ஈரமாக, பாசி வாசத்தோடு வரும். அந்த வாசம் வந்தால் கேரளா வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வெளியே வந்தால் ஆரியங்காவு, ஒரே பச்சை. ஜூன் ஜூலையில் எங்கள் ஊருக்குச் சாரல் வருவதும் இந்த மலை இடைவெளி வழியாகத்தான், குற்றால சீசனே அதனால்தான் நடக்கிறது.

ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டிப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம். சாலைக்கும் ஆற்றுக்கும் மேலே உயரமான கருங்கல் தூண்களில் நிற்கிற வளைவுகள், அந்தக் காலத்துக் கட்டடம். ரயிலுக்குள் இருந்து பார்த்தால் அதன் அழகு பாதிதான் தெரியும், ரயில் வளையும்போது எட்டிப் பார்க்க வேண்டும். முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு தடவை பஸ்ஸில் போங்கள், கீழே சாலையிலிருந்து நன்றாகத் தெரியும். தென்மலை தாண்டிப் புனலூரில் இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 1877 இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. இப்போது நடந்து போக மட்டும் விடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கம், அரை மணி நேரம் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் கவனம்: இந்தப் பாதையில் ராத்திரி வண்டியும் உண்டு. மலையைக் காண வேண்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டு இருட்டில் தூங்கிக்கொண்டே கடந்தவர்களை எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் இருப்போம் என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நான் இங்கே நேரம் எழுதவில்லை.

காயங்குளத்தில் பிரிகிற பாதை

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெற்கிலிருந்து வருகிற பாதை காயங்குளத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று ஆலப்புழை வழியாகக் கடலோரமாகப் போகும், இன்னொன்று செங்கன்னூர், திருவல்லா, கோட்டயம் வழியாக ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் போகும். இரண்டும் எர்ணாகுளத்தில் சேர்ந்துவிடும். எர்ணாகுளம் போகிறவருக்கு எதில் போனாலும் ஒன்றுதான், நடுவில் இறங்குகிறவருக்குத்தான் சிக்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோட்டயத்தில் ஒருவர் எனக்காக ஸ்டேஷனில் காத்திருக்க, நான் எர்ணாகுளம் போகிற வண்டி என்ற ஒரே தைரியத்தில் ஏறி, ஜன்னலில் காயலும் தென்னையுமாக வருவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இது ஆலப்புழ வழியல்லே" என்றார் அவர், ஆலப்புழை வழிதானே என்று அர்த்தம். அப்போது கையில் போன் கிடையாது. கோட்டயத்துக்காரர் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை, "சாயா குடிச்சோ?" என்றுதான் கேட்டார். இப்போதும் கோட்டயம் ஸ்டேஷனைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வரும்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போதே "கோட்டயம் வழியா, ஆலப்புழை வழியா" என்று கேளுங்கள். பரசுராம் கோட்டயம் வழி, ஏரநாடு ஆலப்புழை வழி. இந்த இரண்டும் பகல் வண்டிகள், உட்கார்ந்து போகிற பெட்டிகள். கேரளாவை ஒரே நாளில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்க்க ஆசைப்பட்டால் இவற்றைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காலையிலும் சாயங்காலமும் சீசன் டிக்கெட்காரர்கள் ஏறுவார்கள், கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம், திருச்சூரிலிருந்து எர்ணாகுளம் மாதிரித் தூரங்களில் நிற்க இடம் இருக்காது. அவர்கள் தினமும் அதே பெட்டியில், அதே ஆட்களோடு போகிறவர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் வழி முழுக்கப் பேச்சுத்துணை.

எர்ணாகுளத்திலும் இரண்டு ஸ்டேஷன்: ஜங்ஷன் என்பது தெற்கு, டவுன் என்பது வடக்கு. ஆட்டோக்காரர்கள் சவுத், நார்த் என்றுதான் சொல்வார்கள். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

பஸ்ஸும், எங்கே இறங்குவது என்பதும்

நம் பக்கம் ஓர் ஊர் முடிந்தால் வயல் வரும், பொட்டல் வரும், அப்புறம் அடுத்த ஊர் வரும். கேரளாவில் அது கிடையாது. வீடு, தோப்பு, கடை, பள்ளிவாசல், வீடு, அம்பலம், மறுபடி வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். திருவனந்தபுரம் கேசவதாசபுரத்திலிருந்து அங்கமாலி வரை போகிற எம்.சி. ரோட்டில் உட்கார்ந்து பாருங்கள், எங்கே ஓர் ஊர் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்லவே முடியாது. இதனால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் இறங்குமிடம் தவறிவிடும். போகிற வீட்டுக்காரரிடம் ஜங்ஷன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொல்லம் பக்கம் முக்கு என்பார்கள், கோட்டயம் பக்கம் கவல என்பார்கள், இரண்டும் நம் ஊர் முச்சந்திதான். அதோடு பக்கத்தில் இருக்கிற ஓர் அடையாளமும் வேண்டும்: சர்ச், ஆலமரம், ரேஷன் கடை, ஏதாவது ஒன்று. அத்தை வீட்டுக்கு வழி சொல்லும்போது அப்பா எப்போதும் "பஞ்சாயத்து கிணறு தாண்டி இடது கை" என்பார். கிணற்றை மூடி இருபது வருஷம் ஆகிறது, இப்போதும் அந்த ஸ்டாப்புக்குப் பெயர் கிணறுமுக்குதான்.

சாதா பஸ்ஸில் பலகை பெரும்பாலும் மலையாளத்தில் மட்டும் இருக்கும். பத்து எழுத்து கற்றுக்கொண்டால் போதும், நிறைய வேலை நடக்கும். உ, ண மாதிரி சில எழுத்துகள் நம் எழுத்து மாதிரியே இருப்பதால் பயப்பட வேண்டாம், மலையாள எழுத்து வந்ததே நம் பக்கத்துக் கிரந்தத்திலிருந்துதான். படிக்கத் தெரியாவிட்டால் ஊர்ப் பெயரைக் கேள்வி மாதிரி உரக்கச் சொல்லுங்கள், வாசலில் நிற்கிற கிளி பதில் சொல்வார். தனியார் பஸ்ஸில் கதவோரம் நின்று ஆள் ஏற்றி இறக்குகிற ஆளுக்கு அங்கே கிளி என்று பெயர். முன்பக்கத்து சீட்டுகள் பெண்களுக்கு. ஆண்கள் பின்னால் போய்விடுவது நல்லது, காலியாக இருக்கிறதே என்று முன்னால் உட்கார்ந்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே எழுந்திருக்க வேண்டிவரும்.

அரசு பஸ்ஸில் ஆர்டினரி, பாஸ்ட் பாசஞ்சர், சூப்பர் பாஸ்ட் என்று வகை உண்டு. தூரம் போக பாஸ்ட் பாசஞ்சர் போதும். மேலே போகப் போக நிறுத்தம் குறையும், நீங்கள் இறங்க வேண்டிய முக்கில் நிற்காமல் போய்விடும். இறங்கும்போது "ஆள் இறங்ஙான் உண்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

பேச்சு

தமிழிலேயே பேசலாம். வேகமாகப் பேசாமல், வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டால் முக்கால்வாசி பேருக்குப் புரியும். பாலக்காட்டில் அது கூடத் தேவையில்லை. அவர்கள் பேசுவது புரியவில்லை என்றால் "குறச்சு பதுக்கெ பறயாமோ" என்று கேளுங்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்வீர்களா என்று அர்த்தம்.

கஷ்டம் வருவது தெரியாத சொல்லால் இல்லை, தெரிந்த சொல்லால். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். சாப்பாட்டுக் கடையில் "வெள்ளம் வேணோ" என்று கேட்டபோது அம்மா முதல் தடவை என் முகத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. மதி என்றால் போதும். சோறு போடும்போது போதும் போதும் என்று கத்துவதைவிட மதி என்று ஒரு தடவை சொன்னால் கை நின்றுவிடும். பட்டி என்றால் நாய், அதனால் உங்கள் ஊர் எந்தப் பட்டி என்று சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "கழிச்சோ" என்று கேட்டால் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அவசரம் என்றால் அங்கே வாய்ப்பு. அவசரமாகப் போகணும் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பயனில்லை, "வேகம் போணம்" என்று சொல்லுங்கள். சம்சாரிக்கிறது என்றால் பேசுவது.

வயதில் மூத்தவரைச் சேட்டா, சேச்சி என்று கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா என்றாலும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சாப்பாடு

"ஊண் ரெடி" என்று கையால் எழுதின பலகை தொங்குகிற வீட்டுக் கடைகளைத் தேடுங்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் போய்விட வேண்டும், அப்புறம் போனால் கறி தீர்ந்திருக்கும். மட்ட என்கிற அந்த ஊர் அரிசிச் சோறு பெரிய பெரிய பருக்கையாக, சிவப்புக் கோடு ஓடினதாக இருக்கும். முதல் நாள் வயிறு கனமாக இருக்கிற மாதிரித் தோன்றும், இரண்டாவது நாளிலிருந்து அதுதான் பிடிக்கும். மீன் குழம்பு கேட்காமலேயே ஊற்றிவிடுகிற கடைகள் நிறைய. சைவம் என்றால் இலையில் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள், சோறு வந்த பிறகு சொன்னால் தாமதமாகிவிடும். குடிக்கக் கொடுக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக, கைச்சூட்டில் இருக்கும். அது சாயம் இல்லை, பதிமுகம் என்கிற மரத்தின் சிம்புகளைப் போட்டுக் காய்ச்சின தண்ணீர். சில இடத்தில் சீரகம், சில இடத்தில் சுக்கு. பயணத்தில் வயிறு கெடாமல் இருக்க இந்தத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

காலையில் புட்டும் கடலையும். நாலு மணிக்குப் பழம்பொரியும் கட்டன் சாயாவும், அதாவது பால் இல்லாத டீ. பெரிய ஊர்களில் இந்தியன் காபி ஹவுஸ் இருந்தால் ஒரு தடவை போங்கள். காபி போர்டு வேலையை விட்டு நிறுத்தின தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் ஒன்று சேர்த்து ஆரம்பிக்க வைத்த கூட்டுறவுச் சங்கம் அது, இன்றும் தொழிலாளர்களே நடத்துகிறார்கள். விசிறித் தலைப்பாகை கட்டினவர்கள் பரிமாறுவார்கள், மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிறது ஒன்று, லாரி பேக்கர் கட்டினது, செங்கல் கோபுரம் மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறும். அந்தச் சரிவில் உட்கார்ந்து சாப்பிடுவதே தனி அனுபவம்.

படகு

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். ஆலப்புழையில் படகு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால், அங்கேயே இருக்கிற மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் ஜெட்டிக்கு, அதாவது படகு நிற்கிற இடத்துக்குப் போங்கள். ஜெட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. கோட்டயம் போகிற படகு என்று கேட்டு ஏறுங்கள். டிக்கெட் ஒரு சாப்பாட்டுச் செலவில் பாதிகூட வராது. இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம்.

படகின் முன்பக்கம் உயரத்தில் உட்கார்ந்து சக்கரம் பிடிப்பவர் சிராங்கு. இஞ்சின் நடுவில், பலகைக்குக் கீழே. இஞ்சின் பக்கத்தில் இருப்பவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. சிராங்கு கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தால் கீழே மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டுத்தான் இஞ்சின்காரர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பின்னால் எடுப்பதும். ஜெட்டி நெருங்கும்போது மணி, இஞ்சின் சத்தம் அடங்கும், ஒருவர் கயிறோடு கரையில் தாவி மரக்குற்றியில் ஒரு சுற்று சுற்றுவார், படகு முனகிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டின ஒரு பெண் ஏறும், அரிசிப் பையோடு ஒரு பாட்டி இறங்கும், கயிறு அவிழும், மறுபடி மணி. எங்கள் ஊர் டவுன் பஸ் எப்படியோ அப்படித்தான் அந்தப் படகு அவர்களுக்கு. முழுப் பயணத்தையும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன், சலித்ததே இல்லை.

வாய்க்காலைத் தாண்டி வேம்பநாட்டுக் காயலுக்குள் போனதும் வெளிச்சம் மாறிவிடும். கரையோரம் வரும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். நீங்கள் படகில் உயரத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், நெல் உங்களுக்குக் கீழே பள்ளத்தில் நிற்கும். குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம் செய்கிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தாலும், அதைக் கண்ணால் பார்க்கும்போது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. விதைப்பதற்கு முன்னால் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற பழைய ஏற்பாட்டுக்குப் பெட்டியும் பறையும் என்று பெயர், வரப்போரம் மரக்கூண்டு மாதிரித் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் காட்டித் தருவார்.

ஆகாயத்தாமரை மண்டிப்போனாலோ பாலம் வேலை நடந்தாலோ படகு கோட்டயம் வரை போகாமல் முன்னாலேயே நின்றுவிடுவது உண்டு. ஏறும்போதே "கோட்டயம் வரே போகுமோ" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் படகு நல்லது, மத்தியானம் காயலில் வெயில் கண்ணைக் கூசும். எர்ணாகுளத்தில் நேரம் இருந்தால் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் இதே துறையின் படகு போகிறது. 2023 இலிருந்து வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது, ஏசி, சுத்தம், வயதானவர்களுக்கு வசதி.

மழை

மழைக்காலத்தில் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகலாம், மழையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பிப்பது இடவப்பாதி, நாள் கணக்கில் நிற்காமல் பெய்யும். அக்டோபர், நவம்பரில் வருவது துலாவர்ஷம், காலையில் வெயில் அடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் மலைப்பயணத்தை மத்தியானத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நல்ல குடை வேண்டும், ஆலப்புழையில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். செருப்பு ரப்பராக இருக்கட்டும். பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் தார்ப்பாய் உருட்டி வைத்திருந்தால், மழை வந்ததும் அவிழ்த்துவிடுவது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் வேலை.

வானிலை இலாகா மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறது. இடுக்கி, வயநாடு, பத்தனம்திட்டைக்குச் சிவப்பு என்றால் கிளம்பாதீர்கள், கிளம்பிவிட்டால் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே தங்கிவிடுங்கள். 2018 ஆகஸ்டில் நான் எர்ணாகுளம் போக வேண்டியவன், கொட்டாரக்கரையில் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டேன். ரயில் நின்றுவிட்டது, கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையமே தண்ணீருக்குள் போய்விட்டது. ராத்திரி முழுக்க டிவியில் செங்கன்னூரிலிருந்து ஜனங்கள் மாடியில் நின்றுகொண்டு விலாசம் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அத்தையும் நானும் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம். கடலோரத்து மீனவர்கள் லாரியில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு போய் ஆட்களை மீட்டார்கள். ஆறாம் நாள் சாலை திறந்ததும் பஸ்ஸில் திரும்பினேன். 2024 ஜூலை 30 இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மலைகளைப் பார்த்து அழகு என்று சொல்கிறோம், அங்கே இருக்கிறவர்கள் ஒவ்வொரு மழைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் கேட்டுக்கொள்வது அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை.

வடக்கே, வயதானவர்களோடு

ஷொர்ணூர் தாண்டினதும் இடது பக்க ஜன்னல். இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். பட்டாம்பி, குற்றிப்புறம் வரைக்கும் பாரதப்புழை கூடவே வரும், கோடையில் மணல் திட்டும் புல்லுமாக, ஆகஸ்டில் கரை தொட்டுக்கொண்டு. கோழிக்கோடு தாண்டி மாஹி, தலசேரி பக்கம் அதே ஜன்னலில் அவ்வப்போது கடல். மாஹி புதுச்சேரியைச் சேர்ந்தது, கேரளாவுக்கு நடுவில் ஒரு துண்டு.

அம்மாவைக் கோட்டக்கல்லுக்கு மூன்று தடவை கூட்டிப் போனேன். பி.எஸ். வாரியர் 1902 இல் ஆரம்பித்த ஆர்ய வைத்திய சாலை அங்கேதான் இருக்கிறது. கோட்டக்கல்லில் ரயில் கிடையாது, திரூரிலோ குற்றிப்புறத்திலோ இறங்கி ஆட்டோ அல்லது பஸ். தங்கி வைத்தியம் பார்க்க வேண்டுமானால் வெகு முன்னாலேயே எழுதிக் கேட்டு அறை உறுதி ஆன பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். உழிச்சல் என்கிற எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகைக் கிழி எல்லாம் முடிந்த உடனே உடம்பு சரியாகிவிட்டது என்று பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். வைத்தியம் எத்தனை நாளோ அத்தனை நாள் அலையாமல் இருக்கச் சொல்வார்கள், அதற்கு நல்லிருக்கை என்று பெயர். முதல் தடவை இதை நான் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்த இரண்டாம் நாளே அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து மறுபடி கால் வீங்கிவிட்டது. அடுத்த தடவை காரில் திருச்சூர் வந்து, ஒரு ராத்திரி தங்கி, பாலருவி எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை போட்டுக் கூட்டி வந்தேன். தென்காசியில் இறங்கும்போது நடுராத்திரி தாண்டிவிடும், அதற்கு ஆட்டோ முன்பே சொல்லி வைத்தேன். அம்மா வழி முழுக்கத் தூங்கினார்.

எப்போது போகக்கூடாது

கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக் கூட்டம். செங்கோட்டை, குமுளி வழி இரண்டும் நெருக்கடி, மாலை போட்டவர்களுக்குத்தான் அப்போது முதல் உரிமை. ஓணத்துக்கு முந்தின வாரம் சென்னை, பெங்களூருவிலிருந்து வருகிற வண்டிகளில் இடம் கிடைக்காது, ஆனால் ஓணத்தன்று பகலில் கேரளாவுக்குள்ளே ரயில் காலியாக ஓடும். ஹர்த்தால் முன்பு மாதிரித் திடீரென்று வருவதில்லை, இருந்தாலும் கிளம்புவதற்கு முதல் நாள் அங்கே இருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸை ஸ்டேஷனில் வாங்காமல், ஊருக்குள் தேங்காய் எண்ணெயில் கண்முன்னால் சீவிப் பொரிக்கிற கடையில் சூடாக வாங்குங்கள், ஆறின பிறகுதான் கவரைக் கட்டச் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கிழங்கை மண்ணோடு வாங்கினால் இரண்டு நாள் தாங்கும். புனலூரிலிருந்து செங்கோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கின அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் தவறினாலும் அது இருக்கும். கடைசி பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தால் ஆரியங்காவு கோயில் முன்னால் அவர் வண்டியை மெதுவாக்கி உண்டியல் பக்கம் ஒரு காசு எறிவதைப் பார்க்கலாம். அப்புறம் இறக்கம், புளியரை விளக்குகள்.